ரஷ்ய மக்கட்குரலும் தமிழ் மொழிபெயர்ப்பும்

மொழிபெயர்ப்பின் அருமையை எல்லைப்புறத் தமிழராகிய நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் சித்தூரிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களில், மலையாளம் படித்த பிள்ளையே வீட்டின் மொழிபெயர்ப்பாளன். இடுக்கி மாவட்டத்தில் 'பட்டயம்' என்றால் நிலவுரிமைப் பத்திரம்; மதுரையிலிருந்து வரும் உறவினர்க்கோ அது தொழிற்கல்விச் சான்றிதழ். ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் நிலம் அடங்கியிருக்கிறதன்றோ! இந்தக் கண்கொண்டே ரஷ்ய மொழியிலிருந்து நமக்கு வந்தவற்றையும் வராதவற்றையும் ஈண்டு நோக்குகிறோம்.

வந்தவை பல. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும், பின்னர் ராதுகா பதிப்பகமும் அச்சிட்ட தமிழ் நூல்கள், நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வாயிலாக மலிவு விலையில் நம்மை எட்டின. ரா. கிருஷ்ணையாவின் 'புத்துயிர்ப்பு', பூ. சோமசுந்தரத்தின் 'உண்மை மனிதனின் கதை' ஆகியவற்றின் தமிழை இன்று படித்தாலும் நெஞ்சு நிறைகிறது. எனினும், எந்நூல் தமிழுக்குச் செல்லலாம் என்பதை முடிவு செய்தது அரசின் பதிப்பகமே.

அதே மாஸ்கோவில் 1968 ஏப்ரல் 30 நாளிட்டு வேறோர் இதழ் தோன்றியது. 'நடப்பு நிகழ்ச்சிக் குறிப்பேடு' என்பது அதன் பெயர். அச்சகம் இல்லை, கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்தனர், படித்தவர் மறுபடியும் தட்டச்சு செய்து பிறர்க்கு அளித்தனர். கைது, சோதனை, வழக்கு ஆகியவற்றை உணர்ச்சி கலவாமல் பதிந்து வைத்தனர். அதன் முதல் தொகுப்பாசிரியரான கவிஞர் நதாலியா கோர்பனெவ்ஸ்கயா 1969 இல் கைதாகி, மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். 1971 முதல் ஆம்னெஸ்டி நிறுவனம் அவ்விதழை ஆங்கிலத்தில் வெளியிட்டது. மாஸ்கோவிலிருந்து வந்த தமிழ்ப் புத்தகப் பெட்டிகளில் அதற்கு இடமேது? ஆயினும் அந்த உலகின் செய்தி பாலக்காட்டை எட்டாமலில்லை. ஹங்கேரியின் இம்ரே நாகி 1958 இல் தூக்கிலிடப்பட்டது, தஸ்ராக்கைக் களமாகக் கொண்ட தம் நாவலின் போக்கையே மாற்றிவிட்டதாக ஓ. வி. விஜயன் எழுதியுள்ளார்.

இன்று தட்டச்சுத் தாளின் இடத்தை இணையம் பிடித்துள்ளது. 2004 இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முளைத்த 'குளோபல் வாய்சஸ்' அமைப்பு, ரஷ்யப் பொதுமக்கள் இணையத்தில் எழுதுவனவற்றை 'ரூநெட் எக்கோ' என்னும் பகுதியில் பிறமொழியினர்க்கு எடுத்துரைத்து வருகிறது. அவ்வமைப்பின் எழுத்துகளைப் பல மொழிகளில் ஆக்குவோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்கள். இத்தகைய எழுத்தைத் தமிழாக்க முனைவோர்க்கு நடையழகு இரண்டாம் நிலையதே. சொல் தேர்வே முதன்மை என்பது நம் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டு. ரஷ்யாவில் 2012 இல் தன்னார்வ அமைப்புகளுக்கென வந்து, பின்னர் இதழ்களுக்கும் தனி மனிதர்க்கும் விரிந்த ஒரு சட்டம், வேண்டாதவர்மீது ஒரு பட்டத்தைச் சூட்டுகிறது. ஆங்கில வழியே அது 'வெளிநாட்டு முகவர்' எனத் தமிழாகிறது. முகவர் என்றால் நமக்கு நினைவில் வருபவர் ஆயுள் காப்பீட்டுக்காரர்! ரஷ்யச் செவியிலோ அச்சொல் ஸ்டாலின் காலத்து அச்சத்தை எழுப்புவது. 'ஒற்றர்' என்றால் மிகை; அரசு சாட்டாத குற்றத்தை மொழிபெயர்ப்பாளரே சாட்டியவராவார். 'அந்நியக் கையாள்' என்று மேற்கோள் குறிக்குள் இடுவதே தக்கது. இகழ்ச்சியும் புலப்படும், அது எவருடைய இகழ்ச்சி என்பதும் புலப்படும். தொ. மு. சி. ரகுநாதன் 'தாய்' நாவலை ஆங்கில வழியேதான் தமிழாக்கினார் என்பதால் இடைமொழியை நாம் இகழவில்லை. கதைக்கு அது தாங்கும். சட்டச் சொல்லுக்குத் தாங்காது.

இதனினும் கடினமானது எழுதப்படாத சொல். 2022 மார்ச்சில் ரஷ்யாவில் வந்த சட்டம், படையைப் பற்றிப் 'பொய்ச்செய்தி' பரப்புவோர்க்குப் பதினைந்து ஆண்டு வரை சிறை என்றது. உக்ரைனில் நடப்பதைப் 'போர்' என்று இதழ்கள் எழுதுவதும் தடுக்கப்பட்டது. அப்போது சிலர் மூன்றும் ஐந்துமாக எட்டு நட்சத்திரக் குறிகள் மட்டும் வரைந்த அட்டையைத் தாங்கித் தெருவில் நின்றனர். 'போர் வேண்டாம்' என்பதற்குரிய ரஷ்யச் சொற்களில் உள்ள எழுத்துகள் அத்தனை. காவலர்க்கும் அது விளங்கியது, பிடித்துச் சென்றனர்.

இதைத் தமிழில் எங்ஙனம் தருவது? 'போர் வேண்டாம்' என்பதைத் தமிழெழுத்தால் எண்ணினால் இரண்டும் நான்குமாக ஆறே குறிகள். ஆறு இட்டால் நம் வாசகர்க்குக் கணக்குப் பொருந்தும். ஆனால் அம்மனிதர் ஏந்திய அட்டை அதுவன்று. சொல்லையே எழுதிவிட்டாலோ, அவர் சொல்லாமல் விட்டதை நாம் சொன்னவராவோம். அவர்மீது வழக்கு நடக்கும் ஊரில் அது விளையாட்டன்று. எட்டுக் குறிகளையும் உள்ளபடியே இட்டு, அடியில் சிறு விளக்கம் தருவதையே நாம் ஏற்போம். நடை சற்றுத் தடைப்படும்; தடைப்படட்டும்.