முத்திரையிட்ட பெட்டி

சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ (1997) அதிகம் பேசாத படம். இலங்கை உள்நாட்டுப் போருக்குப் போன மகனை முத்திரையிட்ட சவப்பெட்டியில் அனுப்பிவைக்கிறது ராணுவம். ஊரே அழுகிறது. பார்வையற்ற தந்தை வன்னிஹாமி மட்டும் நம்ப மறுக்கிறார். பாதியில் நிற்கும் வீடு, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் மகள், முற்றும் கடன். கையெழுத்திட்டால் இழப்பீடு வரும், இடமாட்டார். ஒருநாள் புதைகுழியைத் தோண்டக் கிளம்பிவிடுகிறார்.

வன்னிஹாமியாக நடித்த ஜோ அபேவிக்ரம அழவில்லை, வசனம் பொழியவில்லை. தடியை ஊன்றி வறண்ட நிலத்தில் அவர் நடக்கும் நடையிலேயே அத்தனை பிடிவாதமும் தெரிந்துவிடுகிறது. சிங்கப்பூர் திரைப்பட விழா 1999-இல் அவருக்குச் சிறந்த நடிகர் விருது தந்தது. அதற்கு முன்பே பிரான்சின் அமியான் விழாவில் படம் முதல் பரிசு பெற்றிருந்தது. சொந்த நாட்டிலோ 2000-இல் அரசு திரையிடலை நிறுத்தியது. இயக்குநர் உச்ச நீதிமன்றம் போய் வென்றார். 2001-இல் படம் திரைக்கு வந்தது, கூட்டமும் வந்தது.

போரின் மறுபக்கத்து வீட்டில் என்ன நடந்தது என்று அறிய விரும்பும் தமிழர் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டிய படம்.