குதிரையும் புல்லும்

ஜார்ஜ் கேய்லார்ட் சிம்ப்ஸன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1951-இல் ‘குதிரைகள்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். விஞ்ஞானப் புத்தகத்தை நாவல் படிப்பதுபோல் படிக்க முடிவது அபூர்வம். இதை அப்படிப் படிக்கலாம். நான் மூன்று தடவை படித்துவிட்டேன். மூன்றாவது தடவையில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

கதை இதுதான். ஏறக்குறைய ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு, வட அமெரிக்கக் காடுகளில் சிறு நாய் அளவில் ஒரு பிராணி திரிந்தது. முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. குட்டையான பற்கள், இலை தழைகளைத் தின்ன அதுவே போதும். பிறகு பூமி குளிர்ந்தது, காய்ந்தது. காடு பின்வாங்கப் புல்வெளி விரிந்தது. புல்லின் உடம்பில் மணல் மாதிரி நுண்ணிய சிலிக்கா மணிகள் உண்டு. அதை மென்ற பல் தேய்ந்தது. நெடிய பல் உள்ளவை அதிக நாள் வாழ்ந்து அதிகக் குட்டிகள் போட்டன. ஒளிந்துகொள்ள மரமில்லாத வெளியில் ஓடத் தெரிந்தது பிழைத்தது. விரல்கள் குறைந்து கடைசியில் ஒற்றைக் குளம்பு நின்றது. சுமார் 1 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு மெரிகிப்பஸ் என்ற குதிரை, நெடும்பல்லுடன், புல் மேயும் பிராணியாக அரங்கத்துக்கு வருகிறது.

யோசனையின் வித்து சிம்ப்ஸனுடையது அல்ல. 1870-களிலேயே ரஷ்யரான கோவலேவ்ஸ்கி பல்லையும் புல்லையும் முடிச்சுப் போட்டார். சிம்ப்ஸன் செய்தது, அதை முழுக் காவியமாக்கியது. இன்னொன்றும் செய்தார். பள்ளிப் புத்தகங்களில் குதிரை வம்சத்தை ஏணிப்படிபோல் வரைந்து வைத்திருந்தார்களே, அந்த ஏணியை உடைத்துப் போட்டார். குதிரை வம்சம் பல கிளை விட்ட புதர், அதில் தப்பியது ஒரு கிளை மட்டுமே என்று அடித்துச் சொன்னார். அவர் நேர்மையில் எனக்குத் துளியும் ஐயம் கிடையாது.

என் குறை வேறு. கதையில் குதிரை வளர்கிறது, மாறுகிறது. புல் என்ன செய்கிறது? நாடகக் கொட்டகையில் பின்னால் தொங்குமே எழுதிய படுதா, அதைப்போல் தொங்குகிறது. வேளை வந்ததும் காட்டுப் படுதாவைச் சுருட்டிவிட்டுப் புல்வெளிப் படுதாவை இறக்குகிறார்கள். இறக்கியது எப்போது? அதற்குச் சாட்சி பெரும்பாலும் குதிரையின் பல்தான்! புல் வந்ததால் பல் நீண்டது. பல் நீண்டிருப்பதால் புல் வந்துவிட்டது. வழக்கைத் தொடுத்தவனே சாட்சிக் கூண்டிலும் ஏறி நிற்கிறான். எலும்பு கிடைத்த அளவுக்குப் புல் கல்லாகிக் கிடைக்கவில்லை என்பதால் 1951-இல் வேறு வழியும் குறைவு.

வழி பிறந்தது, பல்லைத் தேய்த்ததாகச் சொன்ன அந்தச் சிலிக்கா மணிகளாலேயே. புல் மக்கினாலும் மணி மண்ணில் கிடக்கும். அதன் வடிவத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் புல்லா, பனையா, வேறு மரமா என்று சொல்லிவிடலாம். கரோலின் ஸ்ட்ரோம்பெர்க் என்ற அம்மையார் அமெரிக்கச் சமவெளிப் பாறைகளில் இவற்றைத் தேடி 2005, 2006-இல் எழுதினார். நெடும்பல் குதிரைக்குக் குறைந்தது 40 லட்சம் ஆண்டு முன்னதாகவே அங்கே புல்வெளி பரவிவிட்டது. முதல் அத்தியாயத்தில் மழை பெய்கிறது. கதாநாயகன் நாற்பதாவது அத்தியாயத்தில் குடை வாங்குகிறான். நான் அப்படி ஒரு தொடர்கதை எழுதினால் பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

மழையே இல்லாமல் குடை வாங்கியவர்களும் உண்டு. தென் அமெரிக்காவின் பட்டகோனியாவில், குதிரைக்குச் சம்பந்தமில்லாத குளம்புப் பிராணிகள் 3 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே நெடும்பல் கொண்டிருந்தன. அங்கே புல்வெளி இருந்தது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 2013-இல் மண்ணைச் சோதித்தபோது கிடைத்தது பனை மரங்கள் மலிந்த காடு. எரிமலைச் சாம்பல் படிந்த இலையைத் தின்று பல் தேய்ந்திருக்கலாம் என்கிறார்கள். குதிரை விஷயத்திலும் புல்லோடு சேர்ந்து வாய்க்குள் போன புழுதிக்குப் பங்கு உண்டு என்ற கட்சி வலுத்திருக்கிறது. புல்லுக்குப் பங்கே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஒற்றை வில்லன் போய்விட்டான், அவ்வளவுதான்.

புல்லின் சொந்தக் கதை எங்கே தொடங்குகிறது? மகாராஷ்டிரத்தில் பிஸ்துரா என்ற ஊரில் கல்லாகிப் போன டைனோசர் சாணம் கிடைக்கிறது. லக்னோ பீர்பல் சாஹ்னி நிலையத்தின் வந்தனா பிரசாத், ஸ்ட்ரோம்பெர்க் முதலியோர் அதை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டார்கள். அதில் ஐந்து வகைப் புல்லாவது இருந்தது! முதல் குதிரைக்கு ஒரு கோடி ஆண்டு முன்பே புல் இருந்திருக்கிறது. அதாவது, பூமியை ஆள்வதற்கு முன் கோடிக்கணக்கான ஆண்டுகள் அது எளிய செடியாக, கவனிப்பாரற்று வாழ்ந்திருக்கிறது. ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட நல்ல பாத்திரம் கிடைக்குமா?

அதன் சாமர்த்தியமும் சாதாரணமல்ல. மரக்கன்றுக்கு வளரும் இடம் நுனியில். அதைக் கடித்தால் கன்று குன்றிப்போகும். புல்லுக்கு வளரும் இடம் அடியில், மண்ணை ஒட்டி. மேய்ந்தாலும் தீயில் கருகினாலும் மறுபடி துளிர்க்கும். ஆகவே மேயும் மந்தை புல்லுக்குப் பகை அல்ல, அதன் போட்டியாளனை அழிக்கும் கூலிப்படை. குதிரையைப் புல் உருவாக்கிய கதையைச் சிம்ப்ஸன் சொன்னார். மேயும் வாய்கள் புல்வெளியைக் காத்த கதையையும் சொல்லியிருந்தால் புத்தகம் இன்னும் பெரிதாகியிருக்கும்.

படுதாவாகப் பார்க்கும் பழக்கம் அவரோடு போகவில்லை. நீலகிரி உச்சியில் சோலைகளுக்கு நடுவே இருந்த புல்வெளிகளை, காடு அழிந்துபோன பொட்டல் என்று எண்ணிச் சீகை மரமும் தைல மரமும் பைனும் நட்டார்கள். வெள்ளைக்காரன் தொடங்கினான், நாம் தொடர்ந்தோம். அந்த மலைச் சதுப்பின் கரிமண்ணை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட முடிவு, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்தது என்பது. முடிவு வருவதற்குள் மரம் வளர்ந்துவிட்டது.

சிம்ப்ஸன் புத்தகத்தை இன்றும் இளைஞர்களுக்கு இரவல் கொடுக்கிறேன். மெரிகிப்பஸ் வரும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘40 லட்சம்’ என்று மட்டும் குறித்து வைத்திருக்கிறேன். இதுவரை ஒரே ஒரு பையன்தான் அது என்னவென்று கேட்டான்.