ஓவிய மண்டபமும் இசையவையும்

ஓவியமும் இசையும் உடன்பிறந்த கலைகள் என்பது நம்மவர் மேடைகளிலே பலகாலும் கேட்கப்படும் வாசகமாகும். அவ்வுறவு நூல்களின் அளவிலே மட்டும் நிற்பதா, அன்றி ஓர் ஊரில், ஒரு கட்டடத்தில், உயிருள்ள மாந்தர் நடுவே நிலைபெற்றதுமுண்டா என்று வினவுவோர் சிலரே. சிறியதோர் ஓவியக் கூடத்துக்கும் அதனைச் சூழ்ந்து வாழும் இசைமக்களுக்கும் உள்ள தொடர்பு யாது என்பதை, கொழும்பிலுள்ள லயனல் வென்ட் கலையகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்ந்து, அதனால் யாழ்ப்பாணத்துக்கும் எம்போன்ற தீவாருக்கும் அறியக்கிடப்பது யாதெனக் காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதற்கண் நம் பழைய நூலொன்றை நோக்குவோம். பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் திருப்பரங்குன்றத்தைப் பாடுவது. அங்கே எழுத்துநிலை மண்டபம் ஒன்று கூறப்படுகின்றது. வழிபட வந்தோர் அம்மண்டபத்து ஓவியங்களைச் சுட்டி, இவன் யார், இவள் யார் என வினவுகின்றனர். அறிந்தோர் விடை பகர்கின்றனர். காமனும் இரதியும், இந்திரனும் அகலிகையும் கௌதமனும் அவ்வாறே இனங்காணப்படுகின்றனர். இப்பகுதியை எடுத்தாளும் அறிஞர் பெரும்பாலும் தமிழரிடத்து ஓவியம் இருந்தது என்பதற்குச் சான்றாகக் காட்டி அமைவர். அஃது உண்மையே. எனினும் எனக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுவது பிறிதொன்று. இப்பாடலுக்கு நப்பண்ணனார் சொல் அமைத்தார். மருத்துவன் நல்லச்சுதனார் இசை வகுத்தார். பண் காந்தாரம் என்று பாட்டின் அடியிலே குறிப்பு நிற்கின்றது. ஆகவே நாம் அறிந்த மிகப் பழைய தமிழ் ஓவியக் கூடம் நமக்குக் கிடைப்பது ஒரு பண்ணிலே பாடப்பெற்ற பாட்டின் உள்ளிருந்துதான். அக்கூடம் வாய்மூடி நிற்கும் கூடமுமன்று. வினாவும் விடையும் அங்கே ஒலிக்கின்றன.

வடமொழியில் விட்டுணுதருமோத்தரம் இதனையே வேறு வகையாற் கூறும். படிமக்கலை கற்க விரும்பிய வச்சிரன் என்னும் அரசனுக்கு மார்க்கண்டேயர், முன்னர்ச் சித்திரம் அறிய வேண்டும் என்கின்றார். சித்திரம் அறிய நிருத்தம் வேண்டும், நிருத்தம் அறிய வாத்தியம் வேண்டும், வாத்தியம் அறிய கீதம் வேண்டும் எனப் படிப்படியே அவனைப் பின்னோக்கி அழைத்துச் செல்கின்றார். கலைக்கல்வி வகுப்புகளிலே இச்செய்தி பாடமாக ஒப்பிக்கப்படுகின்றது. ஓவியம் கற்பிக்கும் அறையும் இசை கற்பிக்கும் அறையும் வெவ்வேறு கட்டடங்களில் இருப்பதைப் பற்றி அவ்வகுப்பில் எவரும் வாய்திறப்பதில்லை.

இனி லயனல் வென்டிடம் வருவோம். 1900ஆம் ஆண்டு பிறந்து 1944இல் மறைந்த இவரை இன்று உலகம் நிழற்படக் கலைஞராகவே அறியும். அவர் சட்டம் பயின்றவர். இலண்டனிலே பியானோ இசையையும் முறையாகப் பயின்றவர். 1924இல் நாடு திரும்பிய பின்னர் வழக்குமன்றத்தை விட்டுப் பியானோவுக்கே தம்மைக் கொடுத்தார். நிழற்படக் கருவி அவர் கையில் முழுமையாய் வந்தது அதன் பிறகுதான். பசில் ரைட் என்பார் 1934இல் இயற்றிய ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் திரைப்படத்திலே விளக்கவுரை கூறும் குரல் வென்டினுடையது. கண்டிய நடனக் கலைஞரையும் அவர் ஆதரித்தார். சில்லி நாட்டுக் கவிஞர் பப்லோ நெரூடா கொழும்பிலே தூதராக இருந்த காலத்தில் இவரோடு பழகித் தம் நினைவு நூலிலும் இவரைப் பற்றி எழுதியுள்ளார்.

1943ஆம் ஆண்டு ஓகத்து மாதம் வென்டின் இல்லத்திலே ஓவியர் சிலர் கூடினர். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தரணியகல, ஹரி பீரிஸ், மஞ்சுசிறி முதலியோர் சேர்ந்த அக்குழுவே ‘43 குழு’ என வழங்கலாயிற்று. இலங்கையின் நவீன ஓவிய வரலாறு இக்கூட்டத்திலிருந்தே எழுதப்படுகின்றது. அவ்வரலாற்றை எழுதுவோர் அவ்வீட்டிற் பியானோ ஒன்று இருந்தது என்பதைச் சுவையான செய்தியாக மட்டும் கூறிக் கடந்துவிடுகின்றனர். அஃது அத்துணைச் சிறிய செய்தியன்று என்பது என் துணிபு. ஓவியர் எழுவர் எண்மர் தமக்குள்ளே கூடினால் அது தொழிற்சங்கம். அவர்தம் ஓவியத்தைப் பார்க்கவும் பேசவும் பிறர் வேண்டும். அப்பிறரை அவ்வீட்டுக்குப் பழக்கியது இசையேயாம். பியானோ கேட்கப் பழகிய காது உள்ள கூட்டம் ஒன்று முன்னரே அங்கிருந்தது. புதிய ஓவியம் அக்கூட்டத்தின் நடுவே வந்து நின்றது.

அவர் மறைந்த பின் நண்பர்கள் எடுத்த நினைவகமும் இதற்குப் பொருந்தவே அமைந்தது. கில்ட்போர்ட் கிறசென்ற் வீதியிலே அவர் வாழ்ந்த இல்லத்தின் நிலத்தில் 1953இல் அரங்கு திறக்கப்பட்டது. ஓவியக் காட்சிக்கூடமும் அதனோடு சேர்ந்தது. அரசு நடத்துவதன்று, நம்பிக்கைப் பொறுப்பாளர் நடத்துவது. ஆசிரியர் வகுப்பொன்றன்பொருட்டுக் கொழும்பு சென்றிருந்த நாளொன்றில், மழைக்கு ஒதுங்கியவனாகவே நான் அதனுட் புகுந்தேன். கீழே ஏதோ ஒத்திகை. நரம்புக் கருவிகளைச் சுருதி சேர்க்கும் ஓசை. அன்று மாலை நிகழ்ச்சிக்கு நேரத்தோடு வந்துவிட்ட சிலர், காத்திருக்கும் நேரத்தைப் போக்க ஓவியங்களிடையே உலாவினர். அவருள் ஒருவரேனும் ஓவியம் பார்க்கவென்று வீட்டிலிருந்து புறப்பட்டவராகத் தோன்றவில்லை. ஆயினும் பார்த்தனர், இருவர் ஒரு படத்தின் முன் நின்று வழக்காடவும் செய்தனர். பரங்குன்றத்து மண்டபம் எனக்கு நினைவு வந்தது அவ்விடத்தேதான்.

இதனாற் கொழும்புக் கூடம் குறையற்றது என்று கொள்ளற்க. அதன் தொடக்ககால இசையவை கறுவாத்தோட்டத்து மேலோர் அவை. மேனாட்டிசை அறிந்த, ஆங்கிலம் பேசிய, சிறுதொகையினர் அவை. கீற் வரைந்த கோபியர் கூட்டத்துக்கும் அருகிலேயே இருந்த கோயில் நாதசுரத்துக்கும் இடையே அக்காலத்தில் எவரும் வழி சமைத்திலர். ஆனந்த குமாரசுவாமி போன்ற ஒருவர் அங்கே இருந்திருப்பின் சமைத்திருப்பார் போலும். பஞ்சாப், காசுமீரப் பாடல்கள் முப்பதை அவர் துணைவியார் இரத்தினதேவி கேட்டுச் சுரப்படுத்தி 1913இல் வெளியிட்டபோது, அதற்கு முன்னுரை வரைந்தவர் குமாரசுவாமியே. சிற்பமும் ஓவியமும் ஆய்ந்த அப்பெருமகனுக்கு நாட்டார் இசை கேட்கும் செவியும் இருந்தது. ஆயினும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும்: வென்டின் அவை சிறிதேயாயினும் அஃது ஓர் அவை. ஹரி பீரிஸ் தம் இல்லத்தையே 1974இல் சப்புமல் நிறுவனமாக்கி, 43 குழுவினர் ஓவியங்களை அழியாமற் காத்தார். அத்தொண்டு பெரிது. அவ்வில்லத்தின் அழகு அதன் அமைதி. என் போன்றவனுக்கோ அவ்வமைதி சற்று மிகுதியாகப் பட்டது.

யாழ்ப்பாணத்துக் கதை இதற்கு மறுதலை. இங்கே இசைக்கு அவை எப்போதும் உண்டு. கோயில் வீதியிலே விடியுமட்டும் மணலில் அமர்ந்து, தாளம் பிசகினாற் தலை நிமிர்த்தும் கூட்டம் நம்முடையது. அளவெட்டித் தட்சணாமூர்த்தியின் தவிலை (1933–1975) உருவாக்கியதிற் பாதிப்பங்கு அக்கூட்டத்துக்கு உரியது என்றால் மிகையன்று. ஓவியத்துக்கோ ஆசிரியரும் கழகமும் இருந்தும் அவை இருந்ததில்லை. எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சர் கழகத்தை நிறுவினார். பின்னர் அ. மாற்கு முதலியோர் விடுமுறை நாள்களிற் கூடி ஓவியம் பயிற்றினர். இவையெல்லாம் பாடசாலை அறைகளில் நடந்தேறிய முயற்சிகள். மணி அடித்ததும் படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டிய முயற்சிகள். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விலே மாற்கு தம் ஓவியங்கள் பலவற்றை இழந்தார். போர் செய்த அழிவை எந்தக் கூடமும் தடுத்திராது என்பது மெய்தான். ஆனால் இழந்த இராக ஆலாபனையைக் கேட்டவர் நினைவிலிருந்து சொல்ல ஆள் உண்டு. இழந்த ஓவியத்தைக் கண்டவர் எத்தனை பேர்? மருதனார்மடத்திலே 1960இல் தொடங்கிய இராமநாதன் இசைக்கல்லூரியின் வழிவந்த பல்கலைக்கழகப் பீடத்தில் இன்று இசையும் காட்சிக்கலைகளும் ஒரே கூரையின்கீழ் வந்துள்ளன. நல்வரவே. ஆயினும் அது பயில்வோர் கூடம். ஊரார் காத்திருந்து உலாவும் கூடம் வேறு.

இக்கூற்றை மறுப்போர் உளர். திருவிழாக் கூட்டத்துக்கு ஓவியம் பார்க்கும் பொறுமை ஏது, ஓசையின் நடுவே கண் எவ்வாறு ஒன்றும் என்பர். வாகனத்தின் வர்ணப்பூச்சிலே புருவம் ஒரு நூலளவு தாழ்ந்திருந்தால் அதைக் கண்டு குறைகூறுவதும் அதே கூட்டந்தான் என்பதை அன்னார் மறந்தனர். பார்க்கத் தெரியாதவரல்லர் நம்மவர்; பார்ப்பதற்கு எதுவும் அவர் முன் வைக்கப்படவில்லை.

நெடுந்தீவில் நான் படித்துக் கொடுக்கும் பிள்ளைகள் நன்றாக வரைவார்கள். பல்லாண்டுகளாக அவர்தம் சித்திரங்களிற் சிறந்தவற்றைத் தெரிந்து ஓர் அலுமாரியிலே சேர்த்து வந்தேன். ஒரு மாரிக்குப் பின் திறந்து பார்த்தபோது கறையான் பாதியைத் தின்றிருந்தது. மீதியைக் கடற்காற்றின் ஈரம் ஒன்றோடொன்று ஒட்டவைத்திருந்தது. குற்றம் என்னுடையது. காப்பதாக எண்ணி ஒளித்து வைத்திருந்தேன். அவ்வாண்டு திருவிழாவின்போது, எஞ்சியவற்றையும் புதியவற்றையும் கயிற்றிலே கோத்து, மேளகாரர் தங்கும் மடத்துக்கு எதிரே முருகைக்கல் மதில் ஓரமாகக் கட்டினோம். குறிகட்டுவானிலிருந்து படகேறி வந்திறங்கிய தவில் வித்துவான் ஒருவர், விரற்கூடு மாட்டுமுன் அவ்வழியே நடந்தவர், எங்கள் தீவுக் குதிரையைச் சிறுவன் ஒருவன் வரைந்திருந்த படத்தின் முன் நின்றுவிட்டார்.

“தம்பி, இந்தக் குதிரை நடக்குதோ, ஓடுதோ?”

“தண்ணி தேடிப் போகுது ஐயா.”

அவர் மறுமொழி சொல்லவில்லை. படத்தைப் பார்த்தபடியே தம் தொடையில் மெல்லத் தட்டினார். பின் என் பக்கம் திரும்பி, “அப்ப விளம்பகாலம், மாஸ்டர்” என்றார்.