அளவு ஜாக்கெட்

பெரியம்மாவுக்கு 72 வயசு. பேத்தி கல்யாணத்துக்கு ரெடிமேட் ஜாக்கெட் வாங்க தி.நகர் கூட்டிப்போயிருந்தேன். கவுன்ட்டர் பெண் ஒரே பார்வையில், "அம்மாவுக்கு 40 சரியா இருக்கும்" என்றாள். மார்பில் சரியாகத்தான் இருந்தது. தோள் இரண்டு பக்கமும் வழிந்தது. முதுகில் தூக்கிக்கொண்டது, முன்னால் தொளதொளவென்று மடிந்தது. 38 கொடுத்தார்கள். தோள் நின்றது; கொக்கி எட்டவில்லை.

"உடம்பு கோணிப்போச்சுடா, அதான்" என்றாள் பெரியம்மா, ஏதோ தான் செய்த தப்பு மாதிரி.

தப்பு அவளுடையது இல்லை, அந்த எண்ணுடையது. 40 என்பது மார்புச் சுற்றளவு, அவ்வளவுதான். தோள், கைத்துளை, முதுகு உயரம் எல்லாம் அதிலிருந்து போடுகிற உத்தேசக் கணக்கு. இளம்பெண் ஒருத்தியின் உடம்புக்கு பேட்டர்ன் போட்டு, அதையே படிப்படியாகப் பெரிதாக்குகிறார்கள். தொழிலில் இதற்கு 'கிரேடிங்' என்று பெயர். அதாவது 42 என்பது குண்டான இருபத்தைந்து வயசு. எழுபது வயசு இல்லை.

வயசானால் உடம்பு பெருக்க மட்டும் செய்வதில்லை, அமைப்பே மாறுகிறது. மாதவிடாய் நின்றபின் வயிற்றைச் சுற்றிச் சதை சேர்கிறது. முதுகெலும்பு தேய்ந்து உயரம் குறைகிறது. முதுகு வளைய வளையப் பின்பக்கம் துணி கூடுதலாக வேண்டும், முன்பக்கம் குறைவாக. தோள் முன்னால் சாய்கிறது. மார்பு இறங்கிவிட, ஜாக்கெட்டின் 'டாட்' மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

அமெரிக்காவில் 1939-40-ல் சுமார் 15,000 பெண்களை, ஆளுக்கு 59 அளவுகள் எடுத்தார்கள். அந்த அடிப்படையில் 1958-ல் சைஸ் தரம் வந்தது. 55 வயசுக்கு மேற்பட்ட பெண்களுக்கென்று தனி அட்டவணை வந்தது 1995-ல்தான். அதுவும் அரிசோனா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மூத்த பெண்களை டேப் வைத்து அளந்த பிறகு. அதையும் கடைக்காரர் பின்பற்றியே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை.

நம் நாட்டுக்கென்று சைஸ் வேண்டும் என்று 'நிஃப்ட்' 2010-களின் கடைசியில் 'இந்தியாசைஸ்' திட்டத்தை அறிவித்தது. 25,000 பேரை ஸ்கேனர் வைத்து அளக்கும் நல்ல திட்டம். வயது வரம்பு 15 முதல் 65 வரை. பெரியம்மா ஏழு வருஷம் லேட்!

'நம்ம ஊரில்தான் டெய்லர் இருக்கிறாரே' என்பீர்கள். பாதி உண்மை. டெய்லர் கேட்கிற முதல் கேள்வி, "அளவு ஜாக்கெட் கொண்டாந்தீங்களா?" பாட்டி கொடுப்பது பத்து வருஷத்துக்கு முந்தைய ஜாக்கெட். அதைப் பார்த்து, பத்து வருஷத்துக்கு முந்தைய உடம்புக்குத் தைத்துத் தருகிறார். உள்ளே மூணு தையல் விட்டிருப்பார், குண்டானால் பிரித்துக்கொள்ளலாம். முதுகு வளைந்தால் பிரிக்க எந்தத் தையலும் இல்லை. புதுசாக அளக்கலாம் என்றால் பாட்டிக்கும் கூச்சம், டெய்லருக்கும் கூச்சம்.

புடவைக்கு சைஸ் கிடையாது. எந்த உடம்பையும் அது ஏற்றுக்கொள்ளும். ஜாக்கெட்தான் வாசலிலேயே மறிக்கிறது. கடைசியில் மிஞ்சுவது நைட்டியும் தோளில் ஒரு துண்டும். சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் நைட்டியோடு கல்யாணத்துக்குப் போக முடியாதே.

இரண்டு வருஷமாகப் பெரியம்மா கோயிலுக்குப் போகாததற்கு முழங்கால் வலி காரணம் என்று நினைத்திருந்தோம். திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னாள்: "எந்த ஜாக்கெட்டும் சேரலைடா. யார்கிட்ட சொல்றது?"

எங்கள் தெருவில் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம் அழைத்துப் போனேன். பழைய ஜாக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டு டேப்பை எடுத்தார். முன் உயரம் தனியாக, பின் உயரம் தனியாக, இரண்டு தோளும் தனித்தனியாக. இருபது நிமிஷம் ஆனது. விரல் மரத்த கைக்கு ஏற்ற மாதிரி கொக்கியைப் பெரிதாக வைத்தார்.

கல்யாணத்தில் பெரியம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணிடம் போய், "இதையே அளவு ஜாக்கெட்டா வெச்சுக்கோம்மா" என்று நீட்டினாள்.

"வேணாம் பாட்டி. அடுத்த தடவையும் நேர்ல வாங்க, அளந்துக்கலாம்" என்றார் அவர்.