பிள்ளைகளுடன் பார்க்கத் தக்க படம் எது?

பிள்ளைகளுக்கு ஏற்ற படம் யாது என்று வினவினால், நம் பெற்றோரிற் பலர் தணிக்கை முத்திரையைச் சுட்டிக் காட்டி அமைதியடைந்து விடுகின்றனர். சிங்கப்பூரில் 'ஜி' என்றும், இந்தியாவில் 'யு' என்றும் குறிக்கப்பட்டுவிட்டால் அதுவே போதுமாம்! அம்முத்திரை, படத்தில் நஞ்சில்லை என்று கூறுமேயன்றிச் சத்துண்டு என்று கூறாது. தண்ணீரிலும் நஞ்சில்லை, அதனை மட்டும் ஊட்டிப் பிள்ளையை வளர்த்துவிட இயலுமோ?

மற்றொரு சாரார் பக்திப் படங்களே பாதுகாப்பானவை என்பர். தெய்வம் தோன்றித் துன்பம் தீர்ப்பதையே கண்டு வளரும் பிள்ளை, தன் துன்பத்திற்கும் அற்புதத்தை எதிர்பார்த்தன்றோ காத்திருக்கும்? 1949ஆம் ஆண்டிலேயே கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், அறிஞர் அண்ணாவின் கதையைக் கொண்டு 'நல்லதம்பி'யில் மதுவின் கேட்டைச் சிரிக்கச் சிரிக்க எடுத்துக் காட்டினார். அற்புதமின்றியும் பிள்ளைகளை மகிழ்விக்கலாம் என்பதற்கு அதுவே சான்று.

நமது அளவுகோல் இதுதான்: படம் முடிந்தபின் பிள்ளை கேள்வி கேட்கவேண்டும், பெற்றோர் அதற்கு நேர்மையாக விடையிறுக்க வேண்டும். மணிகண்டன் இயக்கி 2015இல் திரைக்கு வந்த 'காக்கா முட்டை' இவ்வளவுகோலுக்கு நன்கு பொருந்துவதாகும். இந்திய அரசின் தேசிய விருதுகளில், 2014ஆம் ஆண்டின் சிறந்த குழந்தைகள் படமாக அது தேர்ந்தெடுக்கப்பட்டது.

சென்னைக் குடிசைப் பகுதிச் சிறுவர் இருவர். அவர்கள் விளையாடிய இடத்தில் பீட்சாக் கடை எழும்புகிறது. அதனை ஒருமுறை உண்டுவிட வேண்டுமென்று இரயில் பாதையோரத்துக் கரியைப் பொறுக்கி விற்றுக் காசு சேர்க்கின்றனர். காசு சேர்ந்தும், புத்தாடை உடுத்தும், வாயிலில் அடியே கிடைக்கிறது. காசிருந்தும் ஏன் அடித்தார்கள்? இக்கேள்வியை நம் பிள்ளை கேளாதிருக்குமா? செல்வர் வீட்டுச் சிறுவன் தான் கடித்து மிஞ்சியதை நீட்டும்போது மூத்தவன் மறுத்துவிடுகிறான். சுயமரியாதை என்பது யாதென்று நூறு மேடைகளில் நாம் விளக்குவதை, அந்தப் பையன் ஒரு சொல்லில் விளக்கிவிடுகிறான்!

குறையும் உண்டு. பிற்பகுதியில் பெரியவர்களின் பேரமும் சூழ்ச்சியும் மிகுந்து, சிறுவர் பின்னுக்குத் தள்ளப்படுகின்றனர். அவ்விடத்தில் இளம்பிள்ளைகள் சற்றுச் சோர்வடையலாம். சிறுவர் பள்ளி செல்லாமல் உழைப்பதைப் பெற்றோர் பேசாது விட்டுவிடலாகாது. அதுவே முதலிற் பேசத்தக்கது.

பதின்ம வயதினர்க்கு நம் நாட்டுப் படமே உளது. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015), தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட தமிழ்க் குடும்பத்துச் சிறுவன் ஒருவன், படிக்கச் சொல்லும் தந்தைக்கும் அடியாள் கூட்டத்தின் கவர்ச்சிக்குமிடையே அலைவுறுவதைக் காட்டுகிறது. 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாக அது விருது பெற்றது. வன்முறை உண்டாதலின் சிறுவர்க்கு ஆகாது. ஆயினும் பிரம்பை நம்பும் தந்தையர் ஒவ்வொருவரும் தம் மகனை அருகிருத்திப் பார்க்கவேண்டிய படம் அது.

பிள்ளையின் கையில் திரையைக் கொடுத்துவிட்டு நாம் வேறு வேலை பார்ப்பது எளிது. அருகமர்ந்து பார்ப்பதும், முடிந்தபின் உபதேசம் செய்யாது அதன் கேள்விக்குக் காத்திருப்பதும் அரிது. அவ்வரிய கடமையைப் பெற்றோர் வாரம் ஒருமுறையேனும் மேற்கொள்ள வேண்டுமென்பதே நமது வேண்டுகோள்.