வாடைக்காற்றும் காலர் மைக்கும்

மாமல்லபுரத்துக்கு வடக்கே தேவனேரிக் குப்பத்தில் பகல் பதினோரு மணிக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும். காலர் மைக்கில் அது மாவு மில் ஓடுவதுபோலப் பதிவாகும். காற்று ஓய்ந்தால் சாலையோரச் சிற்பப் பட்டறைகளின் கிரைண்டரும் உளியும் கேட்கும். படக் கல்லூரிப் பக்கமே போகாத நாங்கள் மூன்று பேர், பழைய கேனான் கேமரா ஒன்றை வைத்துக்கொண்டு ஆறு பகுதித் தொடர் எடுக்க அங்கே இறங்கினோம். கேமரா ஆறு மாதத்தில் கைக்கு வந்தது. எடிட்டிங்கை யூடியூப் பார்த்துப் பழகிக்கொண்டோம். ஒலி மட்டும் பிடிபடவில்லை. "பைலட் டிராக் எடுத்துக்கோங்க, மத்தத டப்பிங்ல பாத்துக்கலாம்" என்றார்கள், கேட்ட இடத்தில் எல்லாம்.

அப்படியே செய்தோம்: களத்தில் அடையாளத்துக்கு ஒலி பதிந்துவிட்டு, குரலைப் பிறகு ஸ்டூடியோவில் சேர்த்தோம். தொடரில், வலையைச் சீர்செய்துகொண்டிருக்கும் அம்மா, கரையேறும் மகனிடம் "இன்னிக்கு நல்ல பாடா?" என்று கேட்பார். கடற்கரையில் பாடு என்றால் கிடைத்த மீன். சென்னை ஸ்டூடியோ ஒன்றில் குரல் கொடுத்தவர் அதைப் படாத பாடு என்று எடுத்துக்கொண்டு தொண்டை தழுதழுக்கப் பேசினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை. குப்பத்தில் போட்டுக் காட்டியபோது பெரியவர் ஒருவர் கேட்டார்: "மீனு வந்ததுக்கு அந்தம்மா ஏன்பா அழுவுது?"

யாழ்ப்பாணத்தில் குறும்படம் எடுக்கும் நண்பருக்கு அந்தப் பகுதியை அனுப்பினேன். "படத்தை இன்னும் பாக்கேல்லை அண்ணை, கேட்டுத்தான் பாத்தனான். சனம் கதைக்கிற மாதிரி இல்லை" என்று பதில் வந்தது. படத்தை முதலில் காதால் பார்க்கிற அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தமிழ்நாட்டில் தானாகக் கற்றவர்கள் பலரும் சினிமா பார்த்துக் கற்றவர்கள். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நலன் குமரசாமி, பாலாஜி மோகன், மென்பொருள் வேலையிலிருந்து வந்த கார்த்திக் சுப்பராஜ் எல்லோரும் அதில் குறும்படம் எடுத்தவர்கள். 2012இல் கார்த்திக் 'பீட்சா', 2013இல் நலன் 'சூது கவ்வும்' என்று நேரே திரையரங்குக்குப் போனார்கள். பாலாஜி மோகன் 2017இல் 'ஆஸ் ஐம் சஃபரிங் ஃப்ரம் காதல்' என்ற இணையத் தொடரும் எடுத்தார். இங்கே குறும்படம் என்பது கோடம்பாக்கத்துக்கு நீட்டும் விசிட்டிங் கார்டு. எங்கள் கரையிலிருந்து சென்னை ஒரு பஸ் தூரம். அந்த நெருக்கத்தால் கைத்திறன் சீக்கிரம் கூடுகிறது, கூடவே டப்பிங் வழக்கமும் ஒட்டிக்கொள்கிறது.

இதே கரையில் வேறு மாதிரிக் கற்றவர்களும் உண்டு. வடநெம்மேலியில் 1976இல் முதலைப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கரும், பள்ளி வயதில் சென்னைப் பாம்புப் பண்ணைக்குத் தொண்டராக வந்த சேகர் தத்தாத்ரியும் படப்பிடிப்பைப் பாடமாகப் படித்தவர்கள் அல்லர். பாம்புக்கடி பற்றிப் படமெடுக்க வந்த அமெரிக்கத் தம்பதியருக்கு 1984இல் உதவியாளராக நின்று தொழில் பழகினார் சேகர். பிறகு இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் படமாக்கித் தேசிய விருது பெற்றார். விட்டேக்கரின் ராஜநாகப் படம் எம்மி வரை போனது. ஆண்டுக்கணக்கில் அந்த மண்ணில் கிடந்த பிறகே இவர்கள் கேமராவைத் தொட்டார்கள். நாங்களோ கேமராவை வாங்கிய பிறகுதான் குப்பத்துக்குள் நுழைந்தோம்.

இலங்கைக்கு வருவோம். முதல் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொரொந்துவ', எஸ்.எம். நாயகம் தயாரிப்பில் மதுரை ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டு 1947இல் வெளிவந்தது. அந்த ஸ்டூடியோ வழக்கத்திலிருந்து விலகி, 1956இல் 'ரேகாவ' படத்துக்காகக் கேமராவைக் கிராமத்துக்குக் கொண்டுபோன லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், லண்டனில் பத்திரிகையாளராக இருந்தபோது அமெச்சூர் குறும்படம் எடுத்துப் பழகியவர்.

அங்கே தமிழில் கதை வேறு. 1962இல் வந்த முதல் படம் 'சமுதாயம்' 16 எம்.எம்.மில்தான் எடுக்கப்பட்டது. தென்னிந்தியப் படங்கள் வந்து குவிகிற நாட்டில் சொந்தப் படத்துக்குச் சந்தை சிறியது. ஆனால் வானொலி இருந்தது. சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' தொடரை வீடுகள் காதால் பார்த்தன. 'கோமாளிகள் கும்மாளம்' என்ற வானொலித் தொடர் 1976இல் 'கோமாளிகள்' என்ற படமாயிற்று. 'அண்ணை றைற்' தனிநடிப்பில் பஸ் கண்டக்டரின் குரலாலேயே யாழ்ப்பாணத்துப் பஸ் ஒன்றை மேடையில் ஓட்டிய கே.எஸ். பாலச்சந்திரன், செங்கை ஆழியானின் நாவலிலிருந்து 1978இல் வந்த 'வாடைக்காற்று' படத்தில் நடித்தார். அதுவும் மீனவர் கதை. இங்கே எங்கள் மைக்கைக் கெடுப்பது காற்று; அங்கே காற்றின் பெயரில் ஒரு படமே உண்டு. வாடை, கச்சான், கொண்டல் என்று இரு கரையிலும் காற்றுக்குப் பெயர்கள்கூட ஒன்றுதான்.

அந்தப் பக்கத்திலும் குறை இல்லாமல் இல்லை. நான் பார்த்த ஈழத்துக் குறும்படங்கள் பலவற்றில் இரண்டு பேர் நின்ற இடத்திலேயே நின்று பேசுகிறார்கள், கேமராவும் நகர மறந்து நிற்கிறது. எடுத்ததைக் காட்ட இடம் கிடைப்பதும் அங்கே எளிதல்ல. 1982இல் இலங்கை அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி வந்தபோது நம் தென்மாவட்டங்களில் உயர உயர ஆன்டெனா நட்டு அதைப் பார்த்தார்கள். இன்று அலை திசை மாறிவிட்டது. நம் சீரியல்கள் யாழ்ப்பாணத்து மாலைநேரத்தை நிரப்புகின்றன. அதற்கு நடுவிலும் 2015இலிருந்து யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா நடக்கிறது. தம் ஊர்ப் பேச்சை விடாமல் படமெடுக்கும் அந்தப் பிள்ளைகள் மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு. நாற்பது நிமிடத் தொடரை முகம் கொஞ்ச நேரம்தான் தாங்கும், மீதியைப் பேச்சுதான் தாங்க வேண்டும். அதை அவர்கள் நாடகத்திலிருந்து அறிந்திருக்கிறார்கள்.

டப்பிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினோம். "வெடியக்கால வா தம்பி, காத்து அடங்கிக் கெடக்கும்" என்று வழி சொன்னவர் அதே பெரியவர்தான். முதல் இரண்டு வாரம் கேமராவைப் பையை விட்டு எடுக்கவே இல்லை. ரெக்கார்டரின் மைக்குக்குக் கம்பளித் துணி சுற்றி, ஏலம் போடும் இடத்தில் அக்காமார் பக்கத்தில் உட்கார்ந்தோம். கூடை இறங்கும் சத்தமும் விலை கூவும் வேகமும், நடுவில் யாரோ யாரையோ திட்டுவதும் பதிவாயின. இரவில் ஹெட்போனில் கேட்டபடி வசனத்தைத் திருத்தி எழுதினேன். பாடு என்ற சொல் மட்டும் பதினேழு முறை வந்திருந்தது. ஒன்றிலும் அழுகை இல்லை.