மரமேறியின் இடுப்புக் கயிறு: ஸ்திரமும் பாதுகாப்பும்

உயரத்தில் நின்று தொழில் செய்பவருக்கு இரண்டு தேவைகள் உண்டு. வேலை நடக்கும்போது உடல் தளராமல் நிலைத்து நிற்க வேண்டும்; பிடி தவறிய கணத்தில் உயிர் தப்ப வேண்டும். முன்னது ஸ்திரம், பின்னது பாதுகாப்பு. மேல்நாடுகளில் மரப் பராமரிப்புத் தொழிலாளர் ‘லான்யார்டு’ என்று வழங்கும் இடுப்புக் கயிற்றை ஊன்றி ஆராய்ந்தால், அது ஸ்திரத்தை மிகச் செம்மையாக அளிக்கிறது என்பதும், பாதுகாப்பைச் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டே அளிக்கிறது என்பதும் புலனாகும். இந்த வேறுபாட்டை உணராமல் அக்கயிற்றைக் கொண்டாடுவது ஆபத்து. குறைகளைக் கண்டவுடன் அதை வேண்டாமென்று தள்ளுவதும் அதற்குக் குறையாத ஆபத்து.

அதன் அமைப்பு எளியது. இடுப்பிலும் தொடைகளிலும் வார்களால் பிணைத்த கச்சையின் ஒரு பக்க வளையத்தில் தொடங்கி, மரத்தைச் சுற்றி வந்து, மறு பக்க வளையத்தில் கொக்கியால் மாட்டப்படும் சில மீட்டர் நீளமுள்ள கயிறே அது. நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பிடிப்பான் உண்டு. அது உலோகக் கருவியாகவும் இருக்கலாம், 1931-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய மலையேறி கார்ல் ப்ரூஸிக் வெளியிட்ட முடிச்சின் வழிவந்த உராய்வு முடிச்சாகவும் இருக்கலாம்.

இது செயற்படும் விதத்தை அறிய நம்முடைய பனையேறியைப் பார்ப்பதே சிறந்த வழி. தூத்துக்குடி, இராமநாதபுரம் பகுதிகளின் பனையேறி இரு பாதங்களும் விலகிப் போகாதபடி தளைநாரை மாட்டிக்கொண்டு, கைகளால் தண்டைத் தழுவி உடலை இழுத்துப் பிடிக்க, அந்த இழுப்புக்கு எதிராகப் பாதங்கள் தண்டை உந்துகின்றன. அந்த உந்துதலிலிருந்து பிறக்கும் உராய்வே அவருடைய எடையைத் தாங்குகிறது. கைகள் செய்யும் அந்த இழுப்பை இடுப்புக்கு மாற்றித் தருவதே இடுப்புக் கயிற்றின் சாரமான தத்துவம். ஏறுபவர் பின்புறமாகச் சாயுந்தோறும் கயிறு இறுகுகிறது, கயிறு இறுகுந்தோறும் பாதங்கள் மரத்தை மேலும் பலமாக அழுத்துகின்றன, சாய்வே பிடிமானமாகிறது.

இதனால் விளையும் நன்மைகள் அற்பமானவையல்ல. இரு கைகளும் விடுதலை பெறுகின்றன. தோளிலும் முன்கையிலும் களைப்புக் குறைகிறது. களைப்பினால் நேரும் தவறுகளும் அதனுடன் குறைகின்றன. கிளைகள் உள்ள மரத்தில், தலைக்கு மேலே ஒரு கவையில் போட்ட பிரதானக் கயிறு உடலைத் தாங்க, இடுப்புக் கயிறு பக்கவாட்டில் இழுத்து நிறுத்த, ஏறுபவர் இரு வேறு திசைகளின் ஆதாரத்தில் நிலைபெறுகிறார். ஒற்றைக் கயிற்றில் ஊசலாடும் நிலை நீங்குகிறது. மரத்தின்மேல் இயந்திர ரம்பத்தைப் பயன்படுத்துபவர் இரண்டாவதொரு பிணைப்பும் கொண்டிருக்க வேண்டும் என்று அமெரிக்க மரத்தொழில் பாதுகாப்பு விதியான இசட் 133 வற்புறுத்துவது இக்காரணம் பற்றியே: ஒரு கயிறு தவறி அறுபட்டாலும் மற்றொன்று எஞ்சும்.

இனி குறைகளை நோக்குவோம். முதலாவதும் முக்கியமானதுமான குறை, நன்மை பிறக்கும் அதே தத்துவத்திலிருந்து பிறக்கிறது. கயிற்றின் இறுக்கம் பாதங்களின் உந்துதலால் உண்டாவது. ஆகவே பாதம் வழுக்கிய கணத்தில் அந்த இறுக்கமும் இல்லாமற் போகிறது. கிளையுள்ள மரத்தில் பிரதானக் கயிறு அப்போது கைகொடுக்கும். கிளையற்ற நெடுந்தண்டிலோ தலைக்கு மேலே கயிறு போட ஒரு கவையும் இல்லாமையால், தண்டைச் சும்மா சுற்றியிருக்கும் இடுப்புக் கயிறு ஏறுபவருடன் சேர்ந்து கீழ்நோக்கிச் சறுக்கக்கூடும். எந்த மரத்தில் இக்கயிறு ஒன்றே துணையோ, அந்த மரத்திலேயே அது மிகுதியாக ஏமாற்றவும் வல்லது. இதற்குரிய பரிகாரம் தொழிலாளர் அனுபவத்தில் கண்டறிந்த ஒன்றே: கயிற்றை வெறுமனே சுற்றாமல், எடை விழுந்தவுடன் தண்டை இறுக்கும் சுருக்குக் கண்ணியாக அமைப்பது. சுற்றிய கயிற்றைப் பாதம் இறுக்குகிறது. சுருக்கிட்ட கயிற்றை விழும் உடலின் எடையே இறுக்குகிறது. இவ்விரண்டிற்கும் உள்ள தூரம், வழுக்கியபின் தொங்குவதற்கும் தரையில் விழுவதற்கும் உள்ள தூரம்.

இரண்டாவது குறை தளர்வைப் பற்றியது. கயிறு இறுக்கமாக இருக்கும்வரை விழுவதற்கு இடமில்லை. தளர்வாக விட்டால் அத்தளர்வின் அளவுக்கு உடல் தடையின்றி விழும். அரை மீட்டர் விழுந்த ஒருவர் 5 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நிறுத்தப்பட்டால், அவர் உடல் தாங்க வேண்டிய சராசரி விசை அவருடைய எடையைப்போல் 11 மடங்காகும். எடை 80 கிலோ எனில் அது ஏறக்குறைய 880 கிலோவின் சுமை. விழுபவரைத் தடுப்பதற்கென்றே அமைந்த அதிர்ச்சி தாங்கிகள் இவ்விசையை 6 கிலோநியூட்டனுக்குள், அதாவது ஏறக்குறைய 600 கிலோ சுமைக்குள், அடக்க வேண்டும் என்று ஐரோப்பிய விதி கூறும். இடுப்புக் கயிற்றில் அத்தகைய தாங்கி இல்லை. எனவே அது என்றும் இறுக்கமாகவே இருக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் அதைச் சரிசெய்யும் பொறுமையும் பழக்கமும் கயிற்றோடு சேர்ந்த உறுப்புகளே அன்றி, வேண்டினால் கைக்கொள்ளும் உபசாரங்கள் அல்ல.

மூன்றாவது குறை சிந்தனைக்கு மிகுந்த இடந்தருவது: உடலை நிலைநிறுத்தும் பிணைப்பு, விலக வேண்டிய வேளையில் விலங்காகவும் மாறும். கலிபோர்னியாவில் வாஷிங்டோனியா இனப் பனைகளின் உலர்ந்த மட்டைகள் உதிராமல் தண்டைச் சூழ்ந்து பாவாடைபோல் அடர்ந்து தொங்கும். அம்மட்டைத் தொகுதியின் அடியில் கயிற்றால் பிணைந்து நின்று கீழிருந்து வெட்டிச் சென்ற தொழிலாளர்கள், அது மொத்தமாகச் சரிந்து தம்மேல் அழுந்த, நகர இயலாமல் மூச்சுத் திணறி மாண்டிருக்கிறார்கள். அவர்கள் விழவில்லை, கயிறு தன் கடமையைப் பழுதின்றிச் செய்தது, அவ்விதம் பிடித்து வைத்ததே அவர்கள் தப்ப முடியாமைக்கு ஒரு காரணமாயிற்று. ஆகையால் எந்த இடத்தில் நிற்கிறோம், தலைக்கு மேல் இருப்பது எது என்ற விசாரணை கயிறு மாட்டுவதற்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும். கீழே மீட்கத் தெரிந்த ஒரு துணைவரும் இருக்க வேண்டும்.

இவற்றை மனத்திற்கொண்டு நம் பனையேறியிடம் மீண்டும் வருவோம். அவருக்கு இடுப்புக் கயிறு வேண்டுமா என்றால், ஐயமின்றி வேண்டும். தளைநாரின் நுட்பம் எத்துணை வியக்கத்தக்கதாயினும், அது கைகளின் வலிமையையே கடைசி ஆதாரமாகக் கொண்டது; அந்த வலிமை மழையிலும் நோயிலும் முதுமையிலும் குன்றும். ஆனால் மேல்நாட்டுக் கயிற்றை அப்படியே கொணர்ந்து மாட்டுவதனால் பிரச்சினை தீராது. பனையின் உச்சியில் பாளை சீவிக் கலயம் மாற்ற வேண்டியவர் மட்டைகளுக்கிடையே புகுந்தாக வேண்டும். தண்டைச் சுற்றிய கயிறோ மட்டைகளின் அடியிலேயே தடைப்பட்டு நின்றுவிடும். அங்கே ஒரு கயிற்றைக் கழற்றுமுன் மற்றொன்றை உறுதியான பச்சை மட்டைகளின் அடிப்பகுதிகளில் மாட்டிக்கொள்ள இயலவில்லையெனில், அபாயம் உச்சத்திலிருக்கும் கணத்திலேயே பாதுகாப்பு இல்லாமற் போகும். ஆகவே பனைக்கு ஏற்றது ஒற்றைக் கயிறு அன்று. மாறி மாறி மாட்டத்தக்க இரண்டு கயிறுகள், தண்டில் இருப்பது சுருக்குக் கண்ணியாக.

இதற்கு நேரம் செலவாகும் என்பதை மறைப்பதில் பயனில்லை. பதநீர்ப் பருவத்தில் ஒருவர் 40 மரங்களை நாளுக்கு இருமுறை ஏறுவதாகவும், ஒவ்வோர் ஏற்றத்துக்கும் கயிற்றின் பொருட்டு இரண்டு நிமிடம் கூடுவதாகவும் கொண்டால், ஒரு நாளில் 160 நிமிடம் கரைகிறது. மரக்கணக்கிலோ விளைச்சல் கணக்கிலோ வருமானம் பெறுபவருக்கு இது அன்றாட ஊதியத்தில் பெரும் பங்கு. அவர் கயிற்றை ஒதுக்கும்போது அதை அறியாமை என்றும் அலட்சியம் என்றும் பேசிவிடுவது நியாயமாகாது. கணக்குப் பார்த்தே அவர் அவ்வாறு செய்கிறார். கேரளத்துச் செம்பேரியில் தோன்றிய தென்னை ஏறும் கருவியும், தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் தொடங்கிய ‘தென்னை மரத் தோழர்கள்’ பயிற்சியும் இத்தொழிலுக்குப் புதியவர்களை அழைத்து வந்ததில் ஒரு பாடம் இருக்கிறது: சாதனமும் பயிற்சியும் வாழ்வாதாரமும் ஒன்றாகச் சேர்ந்து வந்தாலொழிய எதுவும் நிலைபெறாது.

எனவே என் முடிவு இதுவே. இடுப்புக் கயிறு ஸ்திரத்துக்குரிய சாதனம். அதை உயிர்காக்கும் சாதனமாக உயர்த்துபவை சுருக்குக் கண்ணியும், தளர்வின்மையும், இரண்டாவது பிணைப்பும், கீழே நிற்கும் துணையுமே. இந்நான்கையும் கேட்கும் உரிமை ஏறுபவருக்கு உண்டு. இவற்றுக்குச் செலவாகும் நேரத்துக்குக் கூலி கொடுக்கும் கடமை, மரத்தின் பயனை நுகரும் நம் அனைவருக்கும் உண்டு. அக்கூலியைத் தராமல் கயிற்றை மட்டும் வழங்கினால், அது பரணில் கிடக்குமே தவிர மரத்தில் ஏறாது.